மூன்று செகண்டுக்கு ஒரு மூடி

பெங்களூர்
8.2.1987

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இக்னேஷியஸ் எழுதுவது. மாதா கிருபையில் இங்கே நான் சுகம். உன் சுகத்துக்கும் மாமா சுகத்துக்கும் எழுது. மாமாவுக்கு வந்த மஞ்சள்காமாலை முழுதாக இறங்கிவிட்டதா? நன்றாக இருக்கிறதே என்று கீழாநெல்லியை நிறுத்திவிடாதே.

ஒரு சேதி சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. மாமா மூடி அடிக்கிற பிரஸ் ஓட்டுகிற, நீ பேக்கிங்கில் நிற்கிற அந்த டப்பா கம்பெனி எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. பன்னிரண்டு பிரஸ்ஸுக்கும் தனித்தனியாகக் கண்ட்ரோல் பெட்டி வைத்து, எல்லாவற்றையும் மேனேஜர் அறையில் ஒரு கம்ப்யூட்டரில் சேர்க்கப்போகிறோம். பெயிண்ட் டப்பாவுக்கு ஆர்டர் வந்தால் எத்தனை தகடு வெட்ட வேண்டும், எந்த பிரஸ் எந்த மூடியை அடிக்க வேண்டும், எது எத்தனை நிமிடம் சும்மா நின்றது, எல்லாம் அதுவே சொல்லும். அந்தப் புரோகிராமை எழுதப்போகிறவன் உன் தம்பி.

உங்கள் மேனேஜர் அரங்கநாதன் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். ஒரு மூடிக்கு ஆறு செகண்டாம். எனக்கு நம்பிக்கையில்லை. நிஜத்தில் எவ்வளவு ஆகிறது, எதனால் நிற்கிறது, யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்று உனக்குத் தெரிந்ததை எழுது. இது நான் தனியாகச் செய்கிற முதல் வேலை. சொதப்பக் கூடாது.

மாமாவிடம் மட்டும் இது எங்கள் கம்பெனி வேலை என்று சொல்லாதே. அவர் யூனியனில் இருக்கிறார். எனக்கு அங்கே சொந்தம் இருப்பது தெரிந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

பதிலை எதிர்பார்த்திருக்கும் தம்பி,
இக்னேஷியஸ்


வில்லியனூர்
22.2.1987

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு,

செல்வி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் மாமாவுக்குக் கண்ணில் இருந்த மஞ்சள் போய்விட்டது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆறு செகண்ட் கதையைக் கேள். சூப்பர்வைசர் உலகநாதன் கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாலே எங்கள் ஆட்களுக்குக் கை மரத்துப்போகும். தகட்டைத் தடவுவார்கள், டை அச்சைத் துடைப்பார்கள், இருமுவார்கள். ஒரு நாள் அவர் உன் மாமா பக்கத்தில் நின்று, "இன்னாய்யா, புள்ளத்தாச்சி மாதிரி அசையற" என்று கேட்டுவிட்டார். உன் மாமா அந்த வாட்ச்சைக் கழுத்திலிருந்து பிடுங்கி, டையில் வைத்து ஒரே அடி. வாட்ச் அப்பளமாகி வெளியே வந்தது. மூன்று நாள் சஸ்பெண்ட். அதற்குப் பிறகு யார் அளக்க வருவார்கள்?

நிஜத்தைச் சொல்கிறேன். பட்டன் இரண்டு உண்டு, இரண்டு கையாலும் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். உன் மாமா மனசு வெச்சா மூன்று செகண்டுக்கு ஒரு மூடி அடிப்பார். நானே பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு பேரில் அவரைப் போல் கை ஓடுகிறவர் கிடையாது, என் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை.

இன்னொன்று. தினமும் ஒவ்வொருத்தரும் கணக்குக்கு மேல் கொஞ்சம் மூடி அடித்து, டை அலமாரிக்குப் பின்னால் கோணிக்கு அடியில் ஒரு பெட்டியில் போட்டு வைப்பார்கள். அதற்கு அந்தோணியார் பெட்டி என்று பேர். காய்ச்சலோடு வருகிறவன், சாவு வீட்டிலிருந்து வருகிறவன், கை அசந்தவன் யாராக இருந்தாலும் அதிலிருந்து அள்ளி அன்றைக்குக் கணக்கை நிரப்பிக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்து பிரஸ்காரர் செல்லிப்பட்டு இருசப்பன் இந்துவாக இருந்தாலும் ஆயுதபூஜைக்கு அந்தப் பெட்டிக்குத்தான் முதல் பொட்டு வைப்பார். உன் மாமா கண் மஞ்சளாக நின்றபோது பதினோரு நாள் அவர் கணக்கை அதிலிருந்து நிரப்பியதும் இருசப்பன்தான்.

இதை மேனேஜரிடம் போய்ச் சொன்ன ஒருத்தனுக்கு நான்கு வருஷத்துக்கு முன்னால் மூன்று பல் போயிற்று. பெட்டி இடம் மாறியது, பேரும் மாறியது, அவ்வளவுதான். ஆகவே உன் வாயைத் தைத்துக்கொள். இது அக்கா தம்பிக்குள் பேச்சு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் பிரியமுள்ள அக்கா,
ஆரோக்கிய செல்வி


பெங்களூர்
5.4.1987

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பதில் தாமதமானதற்குத் திட்டாதே. இங்கே உங்கள் ஊர் வெயில் இல்லை, தூக்கமும் இல்லை.

உன் கடிதம் எனக்குப் பத்து நாள் வேலையை மிச்சம் பண்ணியது. புரோகிராம் முடிந்துவிட்டது. இனி பட்டனே கிடையாது. ஆள் தகட்டை வைக்க வேண்டியது, கையை எடுக்க வேண்டியது, பிரஸ் தானாக இறங்கும். மூடி பெல்ட்டில் விழுந்து நேரே உங்கள் பேக்கிங் மேஜைக்கு வந்துவிடும். யாரும் தலையில் சுமக்க வேண்டாம்.

பயப்படாதே. ஒவ்வொரு பிரஸ் வாயிலும் ஒரு ஒளிக்கண் வைக்கிறோம். கை உள்ளே இருந்தால் அது பார்த்துவிடும், பிரஸ் அந்தரத்தில் நின்றுவிடும். மாமா கைக்கு நான் பொறுப்பு.

மாட்டுவதற்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். நான் இங்கேதான் இருப்பேன். ஈஸ்டருக்கு வர முடியாது, மன்னித்துக்கொள்.

அன்புடன்,
இக்னேஷியஸ்


வில்லியனூர்
14.6.1987

சேசு மரி சூசை துணை

தம்பி இன்னாசிக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை. மனசுதான் சரியில்லை.

உன் பெட்டிகளெல்லாம் வந்துவிட்டன. போன திங்கட்கிழமை மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். பேசிக்கொண்டே நேராக டை அலமாரிக்குப் பின்னால் போனார். தேடவில்லை, தடவவில்லை, கோணியை இழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியை எட்டி உதைத்தார். மூடிகள் தரையெல்லாம் உருண்டன. "அந்தோணியாருக்கு இன்னியோட லீவு" என்றார்.

பெட்டி இருப்பதைக் கண்டுபிடித்திருந்தால் அது வேறு. அவர் பேரைச் சொன்னார், இன்னாசி. எங்களைத் தவிர யாருக்கும் தெரியாத பேர்.

அதோடு விட்டாரா? உன் மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சவரிராயன் மனசு வெச்சா மூணு செகண்டுக்கு ஒண்ணு அடிப்பாராமே. இனிமே மெஷினே அவருக்கு மனசு வெக்கும்" என்றார். நான் உனக்கு எழுதிய வார்த்தை அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது.

உன் மாமா ஸ்பேனரை எறிந்தார். கம்ப்யூட்டர் வைத்த மேனேஜர் அறைக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. வாட்ச்மேன்கள் தடியோடு உள்ளே வந்தார்கள். இருசப்பன் குறுக்கே விழுந்து உன் மாமாவை இழுத்துக்கொண்டு போகாவிட்டால் அன்றைக்கே மண்டை பிளந்திருக்கும். இருசப்பனுக்கு முதுகில் இரண்டு அடி விழுந்தது. யூனியன் பேசியதால் உன் மாமாவுக்கு வேலை போகவில்லை.

இப்போது எல்லா பிரஸ்ஸும் மூன்று செகண்டுக்கு ஒருமுறை இறங்குகிறது, காலை எட்டிலிருந்து ஐந்து வரை. அரை நிமிஷம் நின்றால் மேலே மணி அடிக்கிறது, யார் மெஷின் என்று பேப்பரில் அச்சாகிறது. உன் மாமா மூன்று செகண்டில் அடிப்பார் என்று நான் எழுதியது நிஜம். அது சாயங்காலம் பத்து நிமிஷம், பந்தயம் கட்டி அடித்தது. அதை நான் எழுதவில்லை. புருஷன் பெருமை பேசுகிறவள் அதையெல்லாமா எழுதுவாள்?

சொல்லு. நீ அதை யாரிடமாவது காட்டினாயா?

செல்வி


பெங்களூர்
2.7.1987

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல்.

கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை, மாதா மேல் ஆணை. ரிப்போர்ட் எழுதினேன். அதில் கணக்கில் வராத இருப்பு என்று ஒரு பாரா வந்தது. எங்கள் கம்பெனிப் பெரியவர், எங்கே, எவ்வளவு, என்ன பேர் என்று கேட்டார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேகத்துக்கும் ஒரு ஆதாரம் வேண்டும் என்றார், மிகத் திறமையான ஆளின் வேகம் என்று மாமா பேரோடு உன் வார்த்தையையே போட்டேன். இது எல்லா ஊரிலும் நடக்கிற முறைதான், அக்கா. அளக்காத வேலையைத் திருத்த முடியாது.

உங்கள் கம்பெனியில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. இங்கே எல்லோரும் கை கொடுத்தார்கள். எனக்குத் தனி மேஜை கொடுத்திருக்கிறார்கள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் எல்லோருக்கும் பழகிவிடும். நீ எதையும் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே. உனக்காகத்தான் சொல்கிறேன்.

இக்னேஷியஸ்


வில்லியனூர்
12.8.1987

தம்பிக்கு,

உன் மாமாவின் வலது கையில் நான்கு விரல் போய்விட்டது. கட்டைவிரல் மட்டும் நிற்கிறது.

போன வியாழக்கிழமை மத்தியானம். நான் பேக்கிங் மேஜையில் நின்றேன். பெல்ட்டில் மூடி வந்துகொண்டிருந்தது. ஒன்று சிவப்பாக வந்தது. கூட நிற்கிற கலியம்மாள், "இன்னாடி இது, பெயிண்ட்டு எப்டி வந்துச்சி" என்றாள். அடுத்ததும் சிவப்பு. அதற்கு அடுத்த மூடியில் விரல் இருந்தது. நகத்தில் பழைய சுத்தியடி பட்ட கறுப்பு. பத்து வருஷமாக நான் சோறு போட்ட கை, எனக்குத் தெரியாதா?

அதன் பிறகுதான் மெஷின் இரைச்சலைத் தாண்டி அவர் கத்தியது கேட்டது. பெல்ட் வேகமா, சத்தம் வேகமா என்று நீதான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

ஓடினேன். அவர் முழங்காலில் உட்கார்ந்து கையை வயிற்றில் அமுக்கிக்கொண்டிருந்தார். பிரஸ் நிற்கவில்லை. தகடு இல்லாமல், ஆள் இல்லாமல், மூன்று செகண்டுக்கு ஒருமுறை இறங்கி ரத்தத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் எங்கள் முகத்தில் தெறித்தது. இருசப்பன் ஓடிப்போய் அந்த பிரஸ்ஸின் மெயின் சுவிட்சைப் பிடுங்கினார். மேலே மணி அடித்தது. உலகநாதன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்த மெஷின்டா நின்னுச்சி?" என்று கத்தினார்.

தகடு கோணலாக உட்கார்ந்தது, சரி பண்ணப்போனேன் என்கிறார். இத்தனை வருஷமும் அப்படித்தான் சரி பண்ணினார். அப்போதெல்லாம் பட்டன் அவர் கையில் இருந்தது.

இன்னாசி, உன் ஒளிக்கண் அங்கேதான் இருந்தது. நானே பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அது ஏன் பிரஸ்ஸை நிறுத்தவில்லை?

பெரிய ஆஸ்பத்திரியில் பதினேழாம் வார்டில் இருக்கிறோம். உடனே பதில் போடு.

செல்வி


வில்லியனூர்
27.9.1987

தம்பிக்கு,

ஆறு வாரமாகிவிட்டது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். நீ சுகமா என்று கேட்கிறேன். அதற்காவது பதில் போடலாமே.

உன் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பாட்டுத்தான். "மெசினு இன்னாடி பண்ணும், அதுக்கு இன்னா தெரியும்? எவனோ போயி சொல்லிக்குடுத்தான் பாரு, அவன்தான் என் கைய வெட்டினான்." யூனியன் ஆட்கள் தினமும் வந்து உட்கார்ந்து யார் யார் என்று அலசினார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

கடைசியில் இருசப்பன் பேர் வந்தது. அவர் வீட்டுப் பசும்பால் தினமும் காலையில் மேனேஜர் வீட்டுக்குப் போகிறது. மேனேஜர் சம்சாரம் அவருக்குக் காப்பி கொடுக்கிறாள். பால் ஊற்றிவிட்டு வருகிற ஆள் காப்பி குடித்தால் கோள் சொன்னான் என்று அர்த்தமாம். நான் டீ டம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன். "அவரு இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "உனக்கு இன்னாடி தெரியும்?" என்றார் உன் மாமா. எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் விட்டுச் செல்லிப்பட்டுக்குப் போகிற வழியில், ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டத்தில் இருசப்பன் சைக்கிளை மறித்தார்கள். நான்கு பேர், முகத்தில் துண்டு. உன் மாமா வீட்டுக்கு வந்து தானே சொன்னார். "மொத அடி நான்தான். இடது கையில இரும்புத் தடி ஒழுங்கா நிக்கல, தாடையில எறங்கிடுச்சி. கீழ விழுந்துக்கினு, நான் இல்ல சவரி, நான் இல்ல சவரின்னான். மூஞ்ச மூடிக்கினு போயும் என்னை எப்டி கண்டுபுடிச்சான் பாரேன். ஒத்த கைக்காரன் நான்தானே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு முற்றத்தில் குனிந்து வாந்தி எடுத்தார்.

இருசப்பனுக்குத் தாடை இரண்டாக உடைந்திருக்கிறது. ஒரு கண் போய்விட்டது. தலையில் அடி உள்ளே இறங்கியிருக்கிறதாம்.

உன் மாமா சட்டையில் இருந்த ரத்தத்தை நான் வெந்நீர் வைத்துக் கசக்கினேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இன்னாசி, நான் பயந்தவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் பயந்துவிட்டேன்.

செல்வி


பெங்களூர்
9.10.1987

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. மாமா கையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மருந்து தவறாமல் கொடு. ஈரம் படாமல் பார்த்துக்கொள். இங்கே மழை பிடித்துக்கொண்டது.

நீ கொஞ்ச நாள் இங்கே வந்து என்னோடு இரு. மாமாவையும் அழைத்து வா. கையைக் காட்ட நல்ல டாக்டர் இருக்கிறார்.

நான் எழுதிய கடிதங்களை எரித்துவிடு. உன் கடிதங்களை நான் எரித்துவிட்டேன்.

இக்னேஷியஸ்


வில்லியனூர்
25.10.1987

தம்பிக்கு,

எரிக்கவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருசப்பனுக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது, பேச முடியாது. என்னைப் பார்த்ததும் இருக்கிற ஒரு கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் சம்சாரம் தனக்கொடி கஞ்சியை வாங்கிக்கொண்டு, "கம்பெனியில இருந்து வந்த மொத ஆளு நீதாம்மா" என்றாள். "ஊர்ல ஆள்காட்டி பொண்டாட்டின்றாங்க. இந்தாளு செத்தா தூக்கறதுக்கு நாலு பேரு வரமாட்டான். நாயி மாதிரி இழுத்துக்கினு போவணும்." அவள் நல்லபடியாகப் பேசப் பேச எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே அவள் காலில் விழுந்து சொல்லிவிட்டேன்.

அவள் கஞ்சித் தூக்கால் என் தலையில் அடித்தாள். சுடு கஞ்சி. பிறகு சத்தமே இல்லாமல், "என்னாண்ட சொல்லி இன்னா பிரயோசனம்? கம்பெனி கேட்டாண்ட போயி சொல்லு" என்றாள்.

மறுநாள் எட்டு மணி ஷிப்டுக்கு எல்லோரும் கேட்டில் நிற்கிறபோது சைக்கிள் ஸ்டாண்டு சுவர்மேல் ஏறி நின்று சொன்னேன். பெங்களூரில் புரோகிராம் எழுதியவன் என் தம்பி. பெட்டியைச் சொன்னது நான். மூன்று செகண்டைச் சொன்னது நான். இருசப்பன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கலியம்மாள் என் மயிரைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பதினைந்து வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். செருப்பு, கை, கால், எது யாருடையது என்று பார்க்கவில்லை. நெற்றியில் ஐந்து தையல். இடது காதில் இன்னும் சத்தம் கேட்கவில்லை. வலித்தது. வலிக்க வலிக்க மூச்சு விட முடிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் மாமா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். தடுக்கவில்லை, அடிக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். என்னைக் கொன்றுவிடுவார் என்று நினைத்து ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிக்கொண்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி அந்த வெட்டுப்பட்ட கையைச் சுவரில் அடித்தார். மறுபடி, மறுபடி. கட்டு அவிழ்ந்து, ஆறிவந்த புண் பிளந்து, வெள்ளையடித்த சுவரெல்லாம் ரத்தம். நான் காலைக் கட்டிக்கொண்டேன், எட்டி உதைத்துவிட்டு மேலும் அடித்தார். "கீழ விழுந்துக்கினு என் பேரைச் சொன்னான்டி" என்றார்.

நான் என்னுடையதைச் சொல்லிவிட்டேன். இனி நீ சொல்ல வேண்டியது. ஆகஸ்டு மாதம் கேட்டேன், செப்டம்பரில் நீ பதிலே போடவில்லை, அக்டோபரில் மழையைப் பற்றி எழுதினாய். ஒளிக்கண் ஏன் நிறுத்தவில்லை?

செல்வி


பெங்களூர்
14.11.1987

அக்கா,

இதைப் படித்ததும் எரித்துவிடு. அடுப்பில் போட்டு முழுதாக எரிகிறதா என்று பார்.

ஒளிக்கண் வேலை செய்தது. அதுதான் பிரச்சனை. தகட்டு எண்ணெய் ஆவியாகிப் படிந்தால்கூடக் கை என்று நினைத்து நிறுத்தியது. ஒரு ஷிப்டுக்கு நாற்பது தடவை. அரங்கநாதன் போன் மேல் போன் போட்டார். பெரியவர் என்னைக் கூப்பிட்டு, கண் இருக்கட்டும், விளக்கு எரியட்டும், ஆனால் அது சொல்வதை மெஷின் கேட்க வேண்டாம் என்றார். நான் வேண்டாம் சார் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவைதான். பிறகு புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றி, கட்டைவிரல் நகம் அகலத்தில் ஒரு சிப்பில் ஏற்றி, ஜூன் இருபதாம் தேதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். உனக்கு ஜூலையில் கடிதம் எழுதுகிறபோது எனக்கு அது தெரியும்.

தினமும் அந்த வரி கண்ணுக்குள் வருகிறது. நான் என்ன செய்வேன்? கம்பெனி வக்கீல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார். அடுத்த மாதம் என்னை ஓசூரில் ஒரு வேலைக்கு அனுப்புகிறார்கள், இதே புரோகிராம். நான் வந்து சொன்னால் என் படிப்பு, வேலை எல்லாம் போய்விடும். மாமா விரல் திரும்ப வரவா போகிறது?

என்னை வெறுக்காதே. உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

தம்பி


வில்லியனூர்
6.12.1987

(அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். செல்வி.)

இக்னேஷியசுக்கு,

சவரிராயன் சொல்றது. நான் நல்லா இல்ல. நீ நல்லா இருக்கியான்னு கேக்கல.

உன் லெட்டர் வந்துச்சி. எரிச்சிடுன்னு எழுதியிருந்த. உன் அக்கா எனக்குப் படிச்சிக் காமிச்சா. ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன். மறுநாளு நாங்க ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போயி, ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல அத குடுத்துட்டு, குடுத்ததுக்கு எழுதி வாங்கிக்கினு வந்துட்டோம். அவ உனக்கு மட்டும்னு எழுதினத நீ ரிப்போர்ட்ல போட்ட. நீ அவளுக்கு மட்டும்னு எழுதினத நாங்க அங்க போட்டோம். இன்ஸ்பெக்டர் வந்து பன்னெண்டு மெசினையும் நிறுத்தி சீல் வெச்சிட்டாரு. ஓசூருக்கும் எழுதறேன்னாரு.

இருசப்பன் செத்துட்டான். தலைக்குள்ள சீழ் வெச்சிடுச்சின்னாங்க. கடைசி நாலு நாளு அவனுக்கு யாரையும் தெரியல. நான் போயி கட்டிலாண்ட நின்னேன். என்னையும் தெரியல. அது எனக்கு நல்லதா கெட்டதான்னு புரியல.

செல்லிப்பட்டுக்கு கம்பெனி ஆளுங்க அத்தினி பேரும் வந்தாங்க. கலியம்மா வந்து மாரடிச்சிக்கினு அழுதா. நானும் பாடைக்குத் தோள் குடுத்தேன். எவனோ புடிச்சி இழுக்கப் பாத்தான். தனக்கொடி, வுடுங்க, தூக்கட்டும்னா. என் மூஞ்சைப் பாக்கல. ஆத்தங்கரை வரைக்கும் மாத்தாமத் தூக்கினேன். அடிச்ச எடத்தத் தாண்டித்தான் வழி.

நாளைக்குக் காலையில போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். மத்த மூணு பேரு பேரை நான் சொல்லமாட்டேன். வந்தா வரட்டும். மொத அடியும் என்னுது, கடைசி அடியும் என்னுது, அதத்தான் சொல்லப்போறேன்.

உன்னை வான்னு நான் கூப்பிடல. இன்ஸ்பெக்டர் கூப்புடுவாரு. அப்ப வந்து அந்த ஒரு வரிய உன் வாயால சொல்லு. பயப்படாம வா. நான் உள்ள இருப்பேன். வெளிய இருந்தன்னா இந்த இடது கை உன்னை இன்னா பண்ணும்னு எனக்கே தெரியல, அதனாலயும்தான் உள்ள போறேன்.

உன் அக்காவ இன்னா பண்றதுன்னும் எனக்குத் தெரியல. கழுத்த நெரிக்கணும்னும் இருக்கு. காது கேக்குதாடின்னு கேக்கணும்னும் இருக்கு. அதையும் எழுதுடின்னேன், எழுதறா. கண்ணத் தொடைச்சிக்கினே எழுதறா.

முடிவுல இன்னா போடறதுன்னு கேக்கறா. அன்புள்ள மாமான்னு போடட்டான்னு. வேணாம், பேரை மட்டும் போடுன்னேன்.

சவரிராயன்